வேலியும் அண்டை வீட்டார் உரிமையும்

வீட்டு வேலியைப் பராமரிப்பதிலும் அண்டை வீட்டாரின் உரிமை இருக்கிறது.

இரும்பு வேலியில் துரு கண்டால் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்தபின் பெயிண்ட் அடியுங்கள். மரத் தூண்களின் அடியில் குவியும் மண்ணையும் சருகையும் அகற்றுங்கள். கரையான் அவ்வழியாகத்தான் ஏறும். சுவர்ப் பாசியைத் தேய்த்துக் கழுவும் பிளீச்சிங் பவுடர் தண்ணீர் பக்கத்து வீட்டுச் செடிகளில் வழியக் கூடாது. கிளுவை வேலியை ஆண்டுதோறும் கழித்துவிடுங்கள். இல்லையேல் அடுத்தவர் இடத்தில் படரும்.

உளுத்த தூணை மாற்றும்போதுதான் சோதனை. நான்கு விரற்கடை தள்ளி ஊன்றினால் யாருக்கும் தெரியாது; அல்லாஹ்வுக்குத் தெரியும். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் 7 பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பக்கத்து வீட்டாரை அழைத்துக் காட்டிவிட்டு, பழைய குழியிலேயே ஊன்றுங்கள்.

அண்டை வீட்டார் நம்மால் நிம்மதி பெற அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.