உழவு யந்திரத்துக்கும் பெட்டிக்கும் இடையில் விடவேண்டிய இடைவெளி

நெல் மூடைகளையும் மரக்கறிகளையும் வயலிலிருந்து வீட்டுக்கும் சந்தைக்கும் கொண்டு செல்வதற்கு உழவு யந்திரத்தோடு கொளுவப்படும் பெட்டி கமக்காரருக்கு இன்றியமையாத சாதனமாகும். யந்திரத்தின் எண்ணெய், சில்லுகளின் காற்று முதலியவற்றைக் காலையில் தவறாது பார்க்கும் சாரதியும், யந்திரமும் பெட்டியும் ஒன்று சேரும் இடத்தைப் பார்ப்பது அரிது. ஓர் ஆணியும் ஒரு வளையமுமே அங்கு உண்டு. அவை கழன்று விடாதிருந்தாற் போதும் என்று எண்ணப்படுகிறது. ஆயினும் சில்லின் றப்பர் கிழிதல், இழுவைச்சட்டம் வளைதல், யந்திரம் முன்புறம் கிளம்பிப் பின்னால் புரண்டு சாரதியை நசுக்குதல் ஆகிய மூன்றும் அவ்விடத்திலே தொடங்கக் கூடியவை.

பெட்டிகள் பெரும்பாலும் ஊர் வேலைத்தலங்களிற் செய்யப்படுகின்றன. செய்பவர் பெட்டியின் நீள அகலங்களைக் கேட்பார். அதனை இழுக்கப் போகும் யந்திரத்தைக் கேட்பதில்லை. பழைய மாசி பெர்குசன் 35 யந்திரத்துக்கென்று செய்த பெட்டி பின்னர் பெரிய சில்லுடைய வேறொரு யந்திரத்துக்குக் கொளுவப்படுவதும் உண்டு. அப்பொழுது முன்பு போதுமானதாயிருந்த இடைவெளி போதாமற் போகிறது. ஆதலால் பெட்டி புதிதாயினும் பழையதாயினும், எந்த யந்திரம் அதனை இழுக்கின்றதோ அந்த யந்திரத்தோடு சேர்த்தே இடைவெளியை அளக்க வேண்டும்.

முதலாவது, திரும்பும்போது வேண்டிய இடைவெளி. இதனை அளப்பதற்கு ஒரு கயிறு போதும். யந்திரத்தைச் சமநிலத்தில் நிறுத்தி, கயிற்றின் ஒரு நுனியை இணைப்பாணியிற் கட்டி, மறு நுனியைப் பின்சில்லின் வெளி விளிம்பில் பெட்டியை நோக்கியுள்ள பகுதி வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். இத்தூரத்தைவிட ஆணியிலிருந்து பெட்டியின் முன்பலகை வரையுள்ள தூரம் ஒரு சாணாவது கூடுதலாயிருப்பின், யந்திரம் பெட்டிக்குச் செங்கோணமாகத் திரும்பும் வரை முன்பலகை சில்லிற் படாது. உதாரணமாக, பின்சில்லுகளின் வெளி அகலம் 6 அடியாகவும் கயிற்றின் நீளம் மூன்றரை அடியாகவும் இருந்தால், ஆணியிலிருந்து முன்பலகை நாலேகால் அடி தள்ளியிருத்தல் வேண்டும். மட்காட்டின் மூலை சில்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் கயிற்றை அம்மூலை வரை பிடிப்பதே சரியாகும்.

இழுவைச்சட்டத்தின் அமைப்பும் இங்கு கவனிக்கத்தக்கது. ஒற்றைச் சட்டமாயின் யந்திரம் ஏறக்குறையச் செங்கோணம் வரை தடையின்றித் திரும்பும். பெட்டியின் இரு மூலைகளிலிருந்தும் புறப்பட்டு ஆணியில் வந்து கூடும் கவர்ச்சட்டம் வலிமை மிக்கது. ஆனால் அதன் கைகள் அகன்றிருந்தால், பலகை சில்லை நெருங்குவதற்கு முன்பே கை சில்லின் உள்விளிம்பில் உரசத் தொடங்கும். கவர்ச்சட்டம் வேண்டுவோர் அதன் கடைசி இரண்டு அடியை ஒடுக்கமாகச் செய்விப்பது நன்று.

இடைவெளி வேண்டும் என்பதற்காக இழுவைச்சட்டத்தை அளவுக்கு மீறி நீட்டுவதும் பொருந்தாது. ஆணியிலிருந்து பெட்டியின் அச்சு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குப் பெட்டி மூலைகளை உள்வாங்கி வெட்டித் திரும்பும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இரு பக்கமும் மதிலோ பனைமட்டை வேலியோ நிற்க, நீண்ட சட்டமுடைய பெட்டி வேலிக் கதிகாலை முறித்துக்கொண்டே திரும்பும். அயலவருடன் வழக்குக்குப் போக இதுவும் ஒரு வழி.

இரண்டாவது, மேடு பள்ளங்களில் வேண்டிய இடைவெளி. சமநிலத்தில் அளந்த இடைவெளி வாய்க்காலிற் குறைந்து விடும். யந்திரம் வாய்க்காலைத் தாண்டி மறுகரையில் ஏறும்போது அதன் முன்புறம் உயர்ந்து, மேற்பாகம் பின்னால் சாய்கிறது. அதே வேளை பெட்டி வாய்க்காலுள் இறங்குவதால் முன்பலகையின் மேல்விளிம்பு முன்னால் சாய்கிறது. இரு கரைகளும் 3 அடிக்கு 1 அடி வீதம் சரிந்திருந்தால், ஆணிக்கு 3 அடி மேலேயுள்ள இடத்தில் யந்திரம் 1 அடியும் பெட்டி 1 அடியுமாகச் சுமார் 2 அடி இடைவெளி அழிந்து போகும். முன்பலகைக்கு மேலாக மூடைகளைத் துருத்தி அடுக்கியிருந்தால் அவை சாரதியின் முதுகிலேயே இடிக்கும். மட்காட்டின் மேல் ஒருவர் அமர்ந்திருந்தால் அவருடைய கால் அகப்படுவதும் இவ்விடத்திலேதான். சாரதியைத் தவிர எவரும் யந்திரத்திலோ இழுவைச்சட்டத்திலோ ஏறலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

வரம்பைத் தாண்டும்போது இதற்கு மாறாக நிகழ்கிறது. யந்திரம் மறுபுறம் இறங்க, பெட்டி இப்புறம் ஏற, நடுவிலுள்ள ஆணியும் இழுவைச்சட்டமும் வரம்பின் முதுகில் தட்டுகின்றன. சாதாரண யந்திரங்களில் இணைப்பாணி நிலத்திலிருந்து 15 முதல் 20 அங்குல உயரத்தில் இருப்பதால், உயர்ந்த வரம்பொன்று அதனை எளிதில் எட்டிவிடும். வளையத்துக்கு மேலுங் கீழும் அசைய இடமில்லாவிட்டால் அது ஆணியை நெம்பி வளைக்கும்; ஒட்டு வேலை செய்த இடத்தில் வெடிப்பும் உண்டாகும்.

இத்தகைய தட்டுதலைக் கண்ட சிலர் கையாளும் பரிகாரமே பெரும் ஆபத்தை விளைவிப்பது. அவர்கள் ஆணியை உயர்த்தி விடுகின்றனர். சிலர் துளைச்சட்டத்தைக் கீழ் இணைப்புக் கைகளில் மாட்டி ஹைட்றோலிக் தூக்கியால் மேலே தூக்குவர்; சேற்றிற் புதைந்த பெட்டியை இழுப்பதற்காகச் சங்கிலியை மேல் இணைப்புத் தண்டு பொருந்தும் இடத்திலேயே கட்டுவோரும் உளர். இடைவெளி கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை யாதெனப் பார்க்க வேண்டும்.

யந்திரம் பெட்டியை முன்னால் இழுக்கும்போது பெட்டி யந்திரத்தைப் பின்னால் இழுக்கிறது. ஆணி நிலத்திலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அந்த இழுவை யந்திரத்தின் முன்சில்லுகளைத் தூக்க முயலும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 6 அடியுள்ள யந்திரமொன்று 500 கிலோகிராம் இழுவையைத் தாங்குகிறது எனக் கொள்வோம். ஆணி ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் முன்சில்லுகளிலிருந்து 125 கிலோகிராம் பாரம் குறையும். 3 அடி உயரத்தில் இருந்தால் 250 கிலோகிராம் குறையும். வயலிலிருந்து வீதிக்கு ஏறும் சரிவில், கிளச்சைச் சடுதியாக விடும் ஒரு கணத்தில், எஞ்சிய பாரமும் இல்லாமற் போகலாம். தாழ்ந்த ஆணி, முன்சில்லு கிளம்பும்போது தானும் நிலத்தை நோக்கித் தாழ்ந்து இழுவையின் பிடியைக் குறைக்கும். பின் அச்சுக்கு மேலேயுள்ள கட்டு அவ்வாறு விரைவில் தாழாது. யந்திரம் ஒன்றிரண்டு வினாடிக்குள் மல்லாந்து விடும். சாரதி குதிப்பதற்கு அந்நேரம் போதாது.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் லொறிகளில் இணைப்பிடம் உயரத்தில் இருக்கிறதே எனச் சிலர் கேட்கக்கூடும். அங்கே இணைப்பிடம் பின் அச்சுகளுக்கு மேலாகவே அமைந்துள்ளது. ஆதலால் பெட்டியின் பாரம் பின்சில்லுகளின் மேல் நேராக இறங்குகிறதேயன்றி முன்புறத்தைக் கிளப்புவதில்லை. வட அமெரிக்காவில் சிறு லொறியின் பெட்டிக்குள் இதேவகை இணைப்பைப் பொருத்தி வீட்டுவண்டிகளை இழுப்போர், லொறிப் பெட்டியின் விளிம்புக்கும் வண்டியின் அடிக்கும் இடையில் சுமார் 6 அங்குலம் விடுவது வழக்கம். அவர்களுக்கும் மேடு பள்ளமே தொல்லை. ஆனால் உழவு யந்திரத்தின் ஆணி பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் அவ்வமைப்பை இங்கு பின்பற்ற முடியாது.

ஆகவே ஆணியைத் தாழவே வைத்து, இடைவெளியை வேறு வழியிற் பெற வேண்டும். இழுவைச்சட்டத்தைப் பெட்டியின் அடிச்சட்டத்திலிருந்து நேராகக் கொண்டுவந்து, ஆணிக்கு அண்மையில் மட்டும் கீழே வளைத்து இறக்கினால், நடுப்பகுதி வரம்பிற் தட்டாது உயர்ந்து நிற்கும். வளையமோ தாழ்ந்தே இருக்கும். வளைவில் இரு பக்கமும் தகடு வைத்து ஒட்டுவித்தல் அவசியம். துளைச்சட்டம் பாவிப்போர் அது மேலெழாதவாறு தாங்கு கம்பிகளால் இறுக்கி, பெட்டி கொளுவியிருக்கும் வரை ஹைட்றோலிக் பிடியைத் தொடாது விட வேண்டும். பி.ரி.ஓ. தண்டு வேலை செய்யாதபோது அதன் மூடியை இட்டு, வளையமும் சங்கிலியும் அதிற் படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவான பரிகாரம் மண்வெட்டியே. கிளிநொச்சியிலும் மன்னாரிலும் காலபோக அறுவடையின்போது ஒரே கடவையாற் பல பெட்டிகள் செல்கின்றன. அக்கடவையின் ஏற்றத்தை ஒவ்வோர் அடி உயரத்துக்கும் 6 அடி நீளமாகச் சரித்து வெட்டினால், மேலே கூறிய 2 அடி இழப்பு ஒரு அடியாகக் குறைந்து விடும். இருவர் அரைநாள் செய்யும் வேலை இது. வரம்பையும் வாய்க்காலையும் கோணலாகக் கடவாது நேராகக் கடத்தல் வேண்டும்; கோணலாகக் கடக்கும்போது பெட்டியின் ஒரு மூலை மட்டும் சில்லை நோக்கிச் சாயும்.

பாரம் ஏற்றும் முறையும் இணைப்பிடத்தின் உயரத்தைப் பொறுத்தது. மாட்டுவண்டி ஓட்டிய முதியோர் முன்பாரம், பின்பாரம் என்பவற்றை நன்கறிவர். ஆணியிலிருந்து அச்சு 10 அடியிலுள்ள இருசில்லுப் பெட்டியில் 50 கிலோகிராம் மூடைகள் 40 ஏற்றப்பட்டால் பாரம் 2000 கிலோகிராம் ஆகும். அப்பாரத்தின் நடு அச்சுக்கு 1 அடி முன்னால் விழுந்தால் ஆணியில் 200 கிலோகிராம் தங்கும். பின்சில்லு நிலத்தை நன்கு பற்றும். 1 அடி பின்னால் விழுந்தால் அதே 200 கிலோகிராம் ஆணியை மேலே தூக்கும், சில்லு வழுக்கும். முன்பாரமும் மிகையாகலாகாது. ஆணி பின் அச்சுக்கு 2 அடி பின்னால் இருப்பின், 200 கிலோகிராம் முன்பாரம் முன்சில்லுகளிலிருந்து சுமார் 67 கிலோகிராமைக் குறைக்கும். பாரமேற்றிய பின் பெட்டியின் தளம் மட்டமாக நிற்கிறதா எனப் பக்கத்தே நின்று பார்த்தாற் போதும். பின்னால் சாய்ந்து நின்றால் பின்வரிசை மூடைகளை முன்னே மாற்றுதல் வேண்டும். பூசணி, கோவா போன்றவை ஓட்டத்தில் உருண்டு பின்னே சேரும். அவற்றுக்கு நடுவே ஒரு குறுக்குப்பலகை இடுவது நன்று.

இருசில்லு யந்திரத்தில் இடைவெளிப் பிரச்சினை வேறு விதமானது. அங்கே சாரதி பெட்டியின் முன்னாலேயே அமர்கிறார். திரும்பும்போது நீண்ட கைபிடியின் ஒரு முனை அவரை நோக்கி வருகிறது. முற்றாகத் திருப்பிய நிலையிலும் கைபிடிக்கும் சாரதியின் வயிற்றுக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும்படி இருக்கையைப் பின்தள்ளிப் பூட்ட வேண்டும்.

பெட்டியைக் கொளுவும்போது இரண்டுக்கும் நடுவில் ஒருவரை நிறுத்தி வளையத்தைப் பிடிக்கச் செய்து யந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். சாரதி யந்திரத்தைச் சற்று முன்னரே நிறுத்திப் பிறேக்கை இறுக்கிய பின்னரே மற்றவர் உள்ளே செல்லலாம். ஆணிக்குப் பூட்டூசி இட்டு அவர் வெளியே வந்த பின்னரே யந்திரம் அசைய வேண்டும். கழற்றும்போது பெட்டிச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இழுவைச்சட்டத்தின் கீழ் மரக்குற்றி முட்டுக் கொடுக்க வேண்டும். பின்பாரமுள்ள பெட்டியாயின் ஆணியை உருவியவுடன் சட்டம் மேலே எகிறும்; முகத்தை அதற்கு நேரே வைத்துக் குனிந்து நிற்கலாகாது.