சுவருக்குள் சிக்கிய குரல்

“ஹலோ... ஹலோ... கேட்கிறதா? இருங்கள், வெளியே வந்து பேசுகிறேன்!” என்று கூவிக்கொண்டே அம்மாவோ அப்பாவோ செல்பேசியுடன் வாசலுக்கு ஓடும் காட்சியைப் பார்த்திராத தோழியர் நம்முள் இருக்க முடியாது. பகலில் இது நமக்குச் சிரிப்பை மூட்டலாம். ஆனால் நள்ளிரவில் பாட்டிக்கு மூச்சுத் திணறுகிறது. 108க்குப் பேச வேண்டும். அந்நேரத்தில் பேச்சு அறுந்துபோனால்? ஆகவே வீட்டுக்குள் சிக்னல் ஏன் குறைகிறது, அதை எவ்வாறு கூட்டலாம் என்பதை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

செல்பேசி மின்காந்த அலைகளின் வாயிலாகப் பேசுகிறது. இவ்வலைகள் உண்டென்று 1865இல் கணக்கிட்டுக் கூறியவர் மாக்ஸ்வெல். 1888இல் சோதனை மூலம் அவற்றை மெய்ப்பித்தவர் ஹெர்ட்ஸ். அவற்றை மக்களின் பயனுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் மார்க்கோனி. அவர் அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியில்தான் 1931 பிப்ரவரி 12 அன்று பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதர் உலக மக்களுக்கு உரையாற்றினார்.

அந்த அலை கடல்களைத் தாண்டியது. நம் செல்பேசியின் அலை சமையலறைக்குள் நுழையவே திணறுகிறதே, ஏன்? வத்திக்கானிலிருந்து வந்தது பேராற்றலுடன் அனுப்பப்பட்ட சிற்றலை. அது வான்வெளியின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். செல்பேசி அலையோ ஆற்றல் குறைந்தது. நீளத்திலும் மிகச் சிறியது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ.; 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 13 செ.மீ. மட்டுமே. அதிர்வெண் கூடக்கூடச் சுவரைக் கடக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். மேலும், கோபுரத்திலிருந்து நாம் இருக்கும் தூரம் இரு மடங்கானால், தடையற்ற வெளியில்கூட அலையின் வலிமை நாலில் ஒரு பங்காகிவிடும்.

தடைகளுள் கொடியது உலோகம். உலோகக் கூட்டுக்குள் மின்புலம் புகாது என்பதை 1836இல் ஃபாரடே செய்து காட்டினார். நாமும் செய்து பார்க்கலாம். செல்பேசியை அலுமினியத் தாளால் இடைவெளியின்றி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மற்றொரு செல்பேசியிலிருந்து அழையுங்கள். பெரும்பாலும் அது மணியடிக்காது. தகரக் கூரையும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும், இரும்பு பீரோவும் ஓரளவு இந்த வேலையைத்தான் செய்கின்றன.

இனி, பரிகாரம் என்ன? முதலில் அளந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு செல்பேசிகளின் அமைப்புகளில் ‘சிம் நிலை’ என்ற இடத்தில் சிக்னலின் வலிமை −85, −105 என்பது போலக் காட்டப்படும். இது கழித்தல் எண் என்பதை மறவாதீர்கள், −85தான் சிறந்தது. ஒவ்வொரு 10க்கும் வலிமை பத்து மடங்கு மாறும். எனவே −85க்கும் −105க்கும் இடையே உள்ள வேறுபாடு நூறு மடங்கு! கூடம், படுக்கையறை, சமையலறை, மாடிப்படி என ஒவ்வோரிடத்திலும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், மற்றோரிடத்தில் அழித்துக்கொள்ளும். ஆகையால் ஒரு சாண் நகர்ந்தாலே எண் மாறக் காண்பீர்கள்.

பின்பு கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. கோபுரம் இருக்கும் திசையிலுள்ள சன்னலருகே, உயரமான இடத்தில் செல்பேசியை வைக்கலாம். இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் அருகே வைக்க வேண்டா. உலோக உறையையும் தவிர்க்க வேண்டும்.

2. 5ஜி அலை நலிந்திருந்தால், அமைப்புகளில் 4ஜிக்கு மாற்றிப் பார்க்கலாம்.

3. வீட்டில் அகல அலைவரிசை இணைப்பு இருந்தால் வைஃபை அழைப்பு வசதியைப் பயன்படுத்தலாம். நம் நாட்டில் இது 2019ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாயிற்று. கோபுரத்தின் துணையின்றி இணைய வழியே குரல் செல்லும். ஆனால் மின்சாரம் நின்றால் இதுவும் நின்றுவிடும்.

4. அண்டை வீட்டாருக்கு வேறு நிறுவனத்தின் சிக்னல் நன்கு கிடைத்தால், எண்ணை மாற்றாமலே நாமும் அந்நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிக்னலைப் பெருக்கும் ‘பூஸ்டர்’ கருவிகளைச் சிலர் வாங்கிப் பொருத்துகின்றனர். அரசின் அனுமதியின்றி இவற்றைத் தனியார் வைத்திருப்பது சட்டப்படி குற்றமாகும். நம் பள்ளி விழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் அருகே கொண்டுபோனால் ‘கீச்’சென்று வீறிட்டு மற்றெல்லாப் பேச்சையும் அமுக்கிவிடும் அல்லவா? தவறாகப் பொருத்திய பூஸ்டரும் அவ்வாறே இரைச்சலைக் கோபுரத்துக்கு அனுப்பி, சுற்றுப்புறத்தாரின் அழைப்புகளைக் கெடுக்கும். நம் வீட்டில் பேச்சுத் தெளிவாகக் கேட்கும்; அடுத்த தெருவில் ஒரு தாய் மருத்துவரை அழைக்க முடியாமல் தவிப்பாள். அயலாரை நேசிக்கக் கற்ற நாம் இதைச் செய்யலாகாது.

தோழியரே! நம் நிறுவனத்தின் சிக்னல் அறவே இல்லாதபோதும் 112 என்ற அவசர எண்ணை அழைத்துப் பாருங்கள். அங்கே எட்டும் வேறொரு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அவ்வழைப்புச் செல்ல வழியுண்டு. இன்று மாலையே உங்கள் வீட்டை அளந்து, சிக்னல் மிகுந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே சுவரில் ஒரு சிறு அடையாளம் இட்டு, பாட்டிக்கும் தம்பி தங்கையருக்கும் காட்டிவையுங்கள். செலவு ஒரு காசும் இல்லை. வகுப்பில் கற்ற பௌதிகம் ஓர் இரவு ஓர் உயிரைக் காக்குமானால், அதனினும் மேலான பயன் கல்விக்கு வேறு உண்டோ?