புக்மார்க்கை எடுத்துப் போனால் திருட்டுக் கேஸா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருஷம் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். தலைமை அலுவலகம் பெங்களூரு. ராஜினாமா செய்துவிட்டு இப்போது பொம்மசந்திராவில் வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். அங்கே விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். பழைய லேப்டாப்பை ஒப்படைப்பதற்கு முதல் நாள், பிரவுசரில் இருந்த புக்மார்க்குகளை ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து என் ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொண்டேன். ஜிஎஸ்டி, இ-வே பில், என் வங்கி, சப்ளையர் வெப்சைட்டுகள், கம்பெனியின் சில கூகுள் ஷீட்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. 'டேட்டா திருட்டு, பெங்களூரு கோர்ட்டில் சந்திப்போம்' என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. கடைசி மாதச் சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்கள். ஃபைலை அழித்துவிட்டால் பிரச்சினை தீருமா சார்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்

பதில்: அழிக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய மெயிலின் தடம் கம்பெனியிடம் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு அந்த மிரட்டல் மெயிலே வந்தது. இப்போது அழித்தால், மறைக்க ஏதோ இருந்தது என்று வாதாட அவர்களுக்கு நீங்களே வழி செய்து கொடுத்தவர் ஆவீர்கள். ஃபைல் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். முக்கியமாக, புதிய கம்பெனியின் கம்ப்யூட்டரில் அதை ஏற்றாதீர்கள். ஏற்றினால் அவர்களையும் இந்தச் சிக்கலுக்குள் இழுத்துவிடுவீர்கள்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, கம்ப்யூட்டரின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் அதிலிருந்து தகவலை நகலெடுப்பதையே தவறு என்கிறது. அந்தத் தகவல் ரகசியமா, ஊரறிந்ததா என்று அந்த வரி பார்ப்பதில்லை. லேப்டாப் கம்பெனியுடையது, நீங்கள் கேட்காமல் எடுத்தீர்கள். ஆனால் அதே செயல் குற்றமாக மாற 66-ஆம் பிரிவு இன்னொன்றையும் கேட்கிறது: நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணம். அது நிரூபணமானால்தான் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்போதும் இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஜிஎஸ்டி தளத்தின் முகவரியை எடுத்துப் போனவருக்கு மோசடி எண்ணம் இருந்தது என்று எந்த நீதிபதியையும் நம்ப வைப்பது கஷ்டம்.

ஆகவே விஷயம் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அரசுத் தளங்கள், உங்கள் வங்கி, செய்தித் தளங்கள் ஆகியவற்றில் சண்டைக்கு எதுவும் இல்லை. சப்ளையர் பட்டியல்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. 1995-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் வழக்கில், முன்னாள் ஊழியர் கொண்டுபோன வாடிக்கையாளர் முகவரித் தொகுப்பைக் கம்பெனியின் பதிப்புரிமைச் சொத்தாகக் கருதித் தடை விதித்தது. அதே நீதிமன்றம் 2006-இல், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி தன் முன்னாள் அதிகாரிமேல் போட்ட வழக்கில், வாடிக்கையாளர்களின் பெயரும் போன் நம்பரும் தெரிந்திருப்பதையே ரகசியம் என்று சொல்லி ஒருவரின் பிழைப்பைத் தடுக்க முடியாது என்றது. உழைத்துத் தொகுத்த, வெளியில் கிடைக்காத பட்டியல் என்றால் முதல் தீர்ப்பு உங்களுக்கு எதிராக நிற்கும். யார் வேண்டுமானாலும் கூகுளில் தேடி எடுக்கும் வெப்சைட்டுகள் என்றால் இரண்டாவது துணை வரும். சிப்காட்டில் யார் ஃபோர்ஜிங் செய்கிறார்கள், யார் பிளேட்டிங் செய்கிறார்கள் என்பது டீக்கடையில் கேட்டாலே தெரியும். ஆனால் ஃபோல்டருக்கு 'விலை குறைவு', 'பேமெண்ட் தாமதம் ஓகே' என்றெல்லாம் பெயர் வைத்திருந்தீர்களா? அது வெறும் முகவரி இல்லை. கம்பெனியின் வியாபாரக் கணிப்பு.

உண்மையான ஆபத்து கூகுள் ஷீட்டுகளில் இருக்கிறது. 'லிங்க் வைத்திருப்பவர் யாரும் பார்க்கலாம்' என்று அமைத்த ஷீட்டுக்கு அந்த முகவரியே சாவி. தயவுசெய்து அவற்றைத் திறந்து பார்க்காதீர்கள். வேலையை விட்ட பிறகு திறந்தால் அனுமதியில்லாத நுழைவு என்று தனியாக ஒரு புகார் சேரும். கூகுள் கணக்கோடு திறந்திருந்தால் தடமும் பதியக்கூடும்.

உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. பிரவுசர்கள் எக்ஸ்போர்ட் செய்யும் எச்டிஎம்எல் ஃபைல், நெட்ஸ்கேப் காலத்து அமைப்பில்தான் இன்றும் வருகிறது. அதை நோட்பேடில் திறந்தால், முதல் வரியில் நெட்ஸ்கேப் பெயரும், ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் அது சேர்க்கப்பட்ட நாள் நொடிக்கணக்கில் ஒரு நீண்ட எண்ணாகவும் இருக்கும். எதை எப்போது சேர்த்தீர்கள், கடைசி வாரத்தில் அவசரமாக ஏதாவது குவித்தீர்களா என்று அது சொல்லிவிடும். சாதாரண எழுத்து ஃபைல் என்பதால் திருத்திவிட்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்குத்தான் பாரதிய சாக்‌ஷ்ய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ். ஃபைலின் ஹாஷ் எண்ணோடு (ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்), ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். வழக்கு வந்தால் தேவைப்படும். ஹாஷ் எண்ணை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள்.

கம்பெனிக்குப் பதில் எழுதுங்கள், சுருக்கமாக. தனிப்பட்ட, பொதுத் தளங்களின் முகவரிகளுக்காக எடுத்தீர்கள், கம்பெனி முகவரிகள் எதையும் பயன்படுத்தவில்லை, யாருக்கும் தரவில்லை. அவர்கள் முன்னிலையில் அவற்றை நீக்கத் தயார். லேப்டாப்பில் உள்ள பிரவுசர் பதிவை அழிக்காமல் வைத்திருக்கக் கோருகிறீர்கள். 'மன்னிப்பு', 'திருட்டு' என்ற சொற்கள் அதில் வர வேண்டாம். நீக்கச் சம்மதித்து எழுத்தில் பதில் வந்த பிறகே நீக்குங்கள்.

பெங்களூரு என்பது வெறும் மிரட்டல் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் 'பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்' என்று இருக்கிறதா பாருங்கள். பாட்னாவில் வேலை பார்த்த வங்கி ஊழியர் ஒருவரின் ஒப்பந்தத்தில் மும்பை என்றிருந்தது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், ராகேஷ் குமார் வர்மா வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூருவில் இருப்பதால் உங்களுக்கும் இது பொருந்தலாம். அத்திப்பள்ளியைத் தாண்டிப் பொம்மசந்திராவுக்குத் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அதுவொன்றும் தூரமில்லை. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கேட்க சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. மாநில தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம்தான் மனுப் போட வேண்டும்.

சம்பளத்தை இதோடு முடிச்சுப் போட அவர்களுக்கு உரிமை இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 17-ஆம் பிரிவு, ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளம் தரச் சொல்கிறது. ஐந்து வருஷம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டியும் உண்டு. அதற்கு 30 நாள். இரண்டுக்கும் தொழிலாளர் துறையில் தனி மனுவாகக் கொடுங்கள். புக்மார்க் பற்றிய கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். பேரம் பேசுகிறீர்கள் என்று திருப்பிவிடுவார்கள்.