நாள் எண்ணும் நெல்லும் பகல் அளக்கும் நெல்லும்

தாவரங்கள் தமக்குரிய காலத்தில் பூக்கின்றன என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அக்காலம் வந்துவிட்டதை அவை எவ்வாறு உணர்கின்றன? இவ்வினாவிற்கு நம் அன்றாட உணவாகிய நெல்லைக் கொண்டே விடை காண்பது இக்கட்டுரையில் என் நோக்கம்.

காவிரிப் படுகையில் முன்னாளில் ஒரு வழக்கம் இருந்தது. குறுவை விதையோடு ஒட்டடையான் என்னும் நீண்டகால நெல்லின் விதையையும் ஓரளவு கலந்து, ஒரே நாளில் விதைத்து, ஒரே நாளில் நடுவர். சுமார் நான்கு மாதத்தில் குறுவை முற்றிவிடும். அதை அறுக்கும்போது ஒட்டடையானின் தாளும் சேர்ந்தே அறுபடும். ஆயினும் அது மடிவதில்லை. மீண்டும் தழைத்து, தை மாதத்தையொட்டி அறுவடைக்கு வரும். மண் ஒன்று, நீர் ஒன்று, வெயிலும் ஒன்று. பின் ஏன் இந்த வேறுபாடு?

நெல்லின் வாழ்வு மூன்று பருவங்களைக் கொண்டது. முதலாவது, தூர் கட்டி வளரும் பருவம். இரண்டாவது, கதிர் உருவாகிப் பூக்கும் பருவம்; இதற்குச் சுமார் 35 நாள். மூன்றாவது, மணி முற்றும் பருவம். இதற்குச் சுமார் 30 நாள். வெப்ப நாடுகளில் பின்னிரண்டு பருவங்களும் இரகத்திற்கு இரகம் அதிகம் மாறுவதில்லை. ஆகவே 105 நாள் நெல்லுக்கு வளர்ச்சிப் பருவம் 40 நாள். 160 நாள் நெல்லுக்கு 95 நாள். வயது வேறுபாடு ஏறக்குறைய முழுவதும் முதற்பருவத்தில்தான் இருக்கிறது. அப்பருவத்தை முடித்துவைப்பது எது? குறுவை நெல் நாளை எண்ணுகிறது. பழைய சம்பா இரகங்கள் பகலை அளக்கின்றன.

பகலின் நீளம் பூத்தலைக் கட்டுப்படுத்துகிறது என்பதை 1920-இல் அமெரிக்க அறிஞர்களான கார்னர், அல்லார்டு இருவரும் வெளியிட்டனர். பகல் குறுகும்போது பூப்பவற்றைக் குறும்பகல் தாவரங்கள் என்பர். நெல் இவ்வகையைச் சேர்ந்தது. உண்மையில் அது அளப்பது இரவின் நீளத்தையே. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி ஒளியை உணர்கிறது. இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பட்டாலும் பூத்தல் தள்ளிப்போகும். தெருவிளக்கின் கீழுள்ள நெல் தாமதமாகக் கதிர் ஈனுவதற்கு இதுவே காரணம்.

தஞ்சையில் மிக நீண்ட பகல் சுமார் 12¾ மணி. மிகக் குறுகிய பகல் சுமார் 11½ மணி. இச்சிறு வேறுபாட்டைப் பயிர் உணருமா என்று ஐயம் எழலாம். பகல் நீளத்தில் அரை மணி வேறுபாட்டைக்கூட நெல்லின் மரபணுக்கள் பிரித்தறிகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினர்.

இலையில் உண்டாகி, குருத்தின் நுனிக்குச் சென்று பூக்கச் செய்யும் பொருள் ஒன்று உண்டு என்று 1930-களில் சோவியத் அறிஞர் சைலாக்கியான் கருதினார். அதற்குப் புளோரிஜென் என்று பெயரும் இட்டார். நெல்லில் அப்பொருள் எச்டி-3ஏ என்னும் மரபணு ஆக்கும் புரதமே என்பது 2007-இல் புலனாயிற்று. அதை ஆளும் மரபணுக்களுள் ஒன்று, 2000-இல் பிரித்தறியப்பட்ட எச்டி-1. குறும்பகலில் அது எச்டி-3ஏயைத் தூண்டும். நெடும்பகலில் அதையே தடுக்கும். ஒரே காவலன் ஒரு வேளை கதவைத் திறக்கிறான். மறு வேளை அடைக்கிறான்!

இனி ஒட்டடையானின் கதை எளிதில் விளங்கும். குறுவை அறுவடையின்போது பகல் போதிய அளவு குறுகியிராததால் அதில் கதிர் உருவாவதில்லை. குருத்தின் நுனி தரையை ஒட்டியே இருப்பதால் அரிவாளுக்கும் தப்புகிறது. பின்னர்ப் பகல் குறுகியதும் பூக்கிறது.

பூக்கும் காலமும் விளைச்சலும் தொடர்புடையவை. 2008-இல் சீனாவில் கண்டறியப்பட்ட ஜிஎச்டி-7 என்னும் மரபணு, நெடும்பகலில் பூத்தலைத் தாமதிக்கச் செய்கிறது. பயிரின் உயரத்தையும் கதிரின் மணிகளையும் பெருக்குகிறது. மறுபுறம், 1966-இல் பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8, குட்டை மரபணுவைக் கொண்டது. பகல் நீளத்தையும் பெரிதாகப் பொருட்படுத்தாதது. ஆகவே எப்பருவத்திலும் அதை விதைக்க முடிந்தது. ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் என்பது இத்தகைய இரகங்களால் பரவிற்று.

ஆயினும் இவ்விடுதலைக்கு ஒரு விலை உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். 2017-இல் அது அக்டோபர் 2 அன்றுதான் திறக்கப்பட்டது. அதன்பின் 135 நாள் நெல்லை விதைத்தால் அறுவடை பிப்ரவரி நடுவைத் தாண்டும். அது நாளை எண்ணும் நெல். எண்ணி முடிக்காமல் முற்றாது. பகலை அளக்கும் நெல்லோ, பிந்தி விதைத்தால் தன் வளர்ச்சிப் பருவத்தைச் சுருக்கிக்கொள்ளும். தூர் குறையும், விளைச்சலும் குறையும். ஆனால் அறுவடை அந்த அளவு தள்ளிப்போகாது. அதே நெல்லை முந்தி விதைத்தால் உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும் என்பதையும் மறைக்கலாகாது.

எனவே, ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. நீர் உறுதியாக வரும் ஆண்டுக்கு ஒரு நெல், வராத ஆண்டுக்கு மற்றொரு நெல் என இரண்டும் நமக்கு வேண்டும். பழைய இரகங்களின் விதை அழிந்தால், இப்பகுதியின் மழையையும் பகலையும் பல தலைமுறையாக அறிந்த ஒரு கடிகாரமே அழிந்துபோகும். அவ்விதைகளைக் காப்பதும், அவற்றின் மரபணுக்களை ஆராய்வதும் தாவரவியல் பயிலும் நம் போன்றோரின் கடமை என்று நான் கருதுகிறேன்.