சுருள்முடிக்கு முறுக்கு அலங்காரம்: வேர் நோகாமல் செய்வது எப்படி?

ஆப்பிரிக்க மரபுவழி வந்த பெண்களிடையே ‘ட்விஸ்ட் அவுட்’ என்னும் கூந்தல் அலங்காரம் பரவலாக வழங்குகிறது. ஈரமான முடியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கயிறு திரிப்பதுபோல் இரு புரிகளாக முறுக்கி, நன்கு உலர்ந்தபின் அவிழ்த்துவிடுவதே அது. எங்கள் தோல்நோய்ப் பிரிவுக்கு வரும் ஆப்பிரிக்க நாட்டுக் குடும்பத்தினரும், கீமோதெரபிக்குப் பின் முடி சுருளாக முளைக்கக் கண்ட நம்மூர் நோயாளிகளும் இதைப் பற்றி வினவுகின்றனர்.

முடியின் கெரட்டின் புரதத்தைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டதும் விடுபடும். உலரும்போது, முடி அந்நேரம் இருக்கும் வடிவத்திலேயே மீண்டும் இணையும். அதனால்தான் அரைகுறையாக உலர்ந்த முறுக்கை அவிழ்த்தால் அலங்காரம் நிற்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் விரைவில் கலைந்தும் விடுகிறது. முடியை நேராக்கும் ரசாயனங்களோ இவற்றினும் வலிய கந்தகப் பிணைப்புகளையே உடைக்கின்றன. முறுக்கு அலங்காரத்தில் அக்கேடு இல்லை என்பதால் நாங்கள் அதை ஆதரிக்கிறோம்.

சுருள்முடி அடர்த்தியாகத் தோன்றுவதால் வலிமையானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் ஒவ்வொரு வளைவும் ஓர் உடையும் இடம். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் சுருள்களைக் கடந்து நுனிவரை எளிதில் செல்வதில்லை. ஆகவே முடி வறள்கிறது. கழுவிய முடியில் கண்டிஷனர் தடவி, விரல்களாலோ அகன்ற பற்களுள்ள சீப்பாலோ, நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். அவிழ்க்கும்போது விரல்களில் சிறிது எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. இரவில் சாட்டின் துணியால் தலையைச் சுற்றிக்கொண்டால் உராய்வு குறையும்.

நாங்கள் கவலைப்படுவது இறுக்கத்தைப் பற்றியே. மயிர்க்காலை நாள்தோறும் இழுத்துக்கொண்டிருந்தால், நெற்றியோரத்திலும் காதுக்கு முன்புறத்திலும் முடி மெலியும். முடியை இறுகக் கட்டும் வழக்கமுடைய கிரீன்லாந்துப் பெண்களிடம் இந்நோய் 1907-இலேயே விவரிக்கப்பட்டது. இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையோடு பள்ளிக்குச் செல்லும் நம் சிறுமிகளிடமும் இதைக் காண்கிறோம். தொடக்கத்தில் வேரைச் சுற்றிச் சிவப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றும். அந்நிலையில் இழுப்பை நிறுத்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் நீடித்தாலோ மயிர்க்கால் தழும்பாகிவிடும். பிறகு எந்த மருந்தும் அதை மீட்பதில்லை. முறுக்கியபின் புருவத்தை உயர்த்த இயலாமல் தோல் இழுபட்டாலும், தலையணையில் சாயும்போது வலித்தாலும் உடனே தளர்த்துங்கள். ‘நாளைக்குச் சரியாகிவிடும்’ என்று குழந்தையைத் தேற்றுவது தவறு. செயற்கை முடியைச் சேர்த்து முறுக்கினால் வேரின் மீது சுமை இன்னும் கூடும்.

ஒரு வாரம் கழித்து முறுக்கை அவிழ்க்கும்போது கைநிறைய முடி வருவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள்வரை உதிர்வது இயல்பு. முறுக்கினுள் சிக்கியிருந்த ஒரு வார உதிர்வே அப்போது ஒருசேர வெளிவருகிறது. ஆனால் உதிர்ந்தவை குட்டையான துண்டுகளாக இருந்தால், முடி உடைகிறது என்று பொருள்.

பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலைத்தோலில் தேய்க்காமல் முடியின் நீளத்தில் மட்டும் தடவட்டும். நெற்றியில் வழியும் கூந்தல் களிம்பு அங்கே பருக்களையும் உண்டாக்கும்.

கீமோதெரபி நடைபெறும் காலத்தில் இவ்வலங்காரம் வேண்டாம். சிகிச்சைக்குப் பின் சுருளாக முளைக்கும் முடி பெரும்பாலும் நாளடைவில் பழைய இயல்புக்குத் திரும்பும். மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வீதமே முடி வளர்வதால், இழுக்காமல் முறுக்கும் அளவு நீளம் வர எட்டு, பத்து மாதங்கள் ஆகலாம். அதுவரை மென்மையாகக் கழுவி, அப்படியே உலரவிடுவது போதும். முன்நெற்றியில் முடியின் எல்லை பின்வாங்குவதாகத் தோன்றினாலோ, வேரில் சீழ்க் கொப்புளங்கள் கண்டாலோ, முறுக்குகளை அவிழ்த்துவிட்டு, எண்ணெய் தடவாத தலையுடன் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள்.