சேவையகத்தின் மதிப்பு உலவிக்கு வரும் வழி

மேல்நிலை முதலாமாண்டு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் வருகிறது, இரண்டாமாண்டில் பி.எச்.பி. வருகிறது. தனித்தனியே நன்றாக எழுதும் மாணவர்கள்கூட, இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்க்கும்போது திணறுகிறார்கள். "பி.எச்.பி. மாறியை ஜாவாஸ்கிரிப்ட்டில் அப்படியே எழுதினால் ஏன் சார் வரல?" என்ற கேள்வி ஆண்டுதோறும் எழும். ஆய்வகத்தில் சேவையகமும் உலவியும் ஒரே கணினியில் இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது.

விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்குச் சூளையைச் சொன்னால் போதும். வெந்து வெளியே வந்த பீங்கான் பொம்மை மீண்டும் களிமண் ஆகாது. அதுபோல, பி.எச்.பி. சேவையகத்திலேயே ஓடி முடிந்துவிடும். உலவிக்கு வந்து சேர்வது வெறும் எழுத்துகள். அதன் பிறகே ஜாவாஸ்கிரிப்ட் தொடங்குகிறது. எனவே வேண்டிய மதிப்பை அந்த எழுத்துகளுக்குள் வைத்துத்தான் அனுப்ப முடியும்.

வகுப்பில் இதை நடித்தும் காட்டலாம். பி.எச்.பி.யாக நிற்கும் மாணவி ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். அதன் பிறகே ஜாவாஸ்கிரிப்ட் மாணவன் உள்ளே வருவான். அவனால் அவளிடம் எதுவும் கேட்க முடியாது. தாளில் இருப்பதை மட்டும் படிக்கலாம்.

தாளில் எப்படி எழுதுவது? மேற்கோள் குறிகளுக்கு நடுவே 'எக்கோ' செய்வதே மாணவர்கள் முதலில் கண்டுபிடிக்கும் வழி. 'அகல் விளக்கு' என்ற பெயருக்கு அது வேலை செய்யும். 'அகல் விளக்கு 3"' என்று அங்குலக் குறியுடன் கொடுத்துப் பாருங்கள். அந்தக் குறியே சரத்தை மூடிவிடும். ஸ்கிரிப்ட் முழுவதும் நின்றுவிடும். பயனர் தட்டச்சு செய்த பெயருக்குள் ஸ்கிரிப்ட்டை மூடும் ஒட்டும் அதன்பின் வேறொரு நிரலும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த நிரல் பக்கத்தைத் திறக்கும் எல்லோருடைய உலவியிலும் ஓடும்.

இதற்குப் பி.எச்.பி.யில் 'ஜேசன்_என்கோட்' என்ற செயற்கூறு உண்டு. எண், சரம், அணி எதுவானாலும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் புரியும் வடிவில் தரும். மேற்கோள் குறிகளையும் அதுவே போட்டுக்கொள்ளும். நாம் மறுபடி போடக் கூடாது. 'ஜேசன்_ஹெக்ஸ்_டேக்' என்பதையும் சேர்த்தால் கோணக் குறிகள் குறியீடாக மாறி, ஒட்டு ஆபத்து நீங்கும். தமிழ் எழுத்துகளும் பக்க மூலத்தில் குறியீடாகவே தெரியும், மாணவர்கள் பயந்துவிடுவார்கள். திரையில் தமிழாகவே வரும். ஆனால் தரவு யு.டி.எப்.-8 குறியாக்கத்தில் இல்லாவிட்டால் செயற்கூறு தோற்று, மதிப்பு இருக்க வேண்டிய இடம் காலியாக வரும்.

ஒன்றிரண்டு மதிப்புகளே என்றால், எச்.டி.எம்.எல். ஒட்டில் 'டேட்டா-' எனத் தொடங்கும் பண்புக்கூறில் வைக்கலாம். அங்கு 'எச்.டி.எம்.எல்.ஸ்பெஷல்சார்ஸ்' தேவை.

நான் அதிக நேரம் செலவிடுவது அடுத்த பகுதியில். மதிப்பெண் பார்க்கும் பக்கம் ஒன்றைச் செய்யச் சொன்னால், பல மாணவர்கள் வகுப்பு முழுவதன் அணியையும் உலவிக்கு அனுப்பி, அதில் ஒருவருடையதை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட்டால் காட்டுவார்கள். திரையில் சரியாகத்தான் இருக்கும். வலது சொடுக்கிப் பக்க மூலத்தைத் திறந்தால் நாற்பது பேரின் மதிப்பெண்ணும் கைப்பேசி எண்ணும் வரிசையாக நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டால் மறைத்தது மறைத்ததே அல்ல. வடிகட்டும் வேலையைச் சேவையகத்திலேயே, எஸ்.கியூ.எல். வினவலில், உள்நுழைந்தவர் யார் என்று பார்த்தே முடிக்க வேண்டும்.

செய்முறை வகுப்பில் மாணவர்கள் தங்கள் பக்கங்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் பக்க மூலத்தை மற்றவர் படிக்கட்டும். திரையில் இல்லாத எதுவெல்லாம் அங்கே இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.