மலை ஏறும் முன்

போடிநாயக்கனூரில் இருந்து பேருந்து ஏறுகிறோம். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு வரும். அங்கே தமிழ்நாடு முடிகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. ஏலத் தோட்டத் தொழிலாளர்கள் தினமும் ஜீப்பில் இந்த மலை ஏறுகிறார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு.

ஆசைக்காக மலை ஏறுகிறவர்களும் உண்டு. சிலர் நல்ல காரியத்துக்காக ஏறுவார்கள். "நான் உச்சிக்குப் போகிறேன். நீங்கள் ஏழைகளின் மருத்துவத்துக்குப் பணம் கொடுங்கள்" என்பார்கள். ஆப்பிரிக்காவில் 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ மலையில் இப்படிப் பலர் ஏறியிருக்கிறார்கள்.

நல்ல மனம் இருந்தால் போதுமா? கால் ஒத்துழைக்க வேண்டாமா? அதற்குத்தான் பயிற்சி நடை. முதலில் சின்னக் குன்றில் வெறுங்கையோடு நடக்க வேண்டும். பிறகு முதுகில் சுமை. வாரம்தோறும் தூரத்தைக் கூட்ட வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் தொடையும் முழங்காலும் நோகும். ஆகவே இறங்கவும் பழக வேண்டும்.

காட்டையும் அறிய வேண்டும். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் தீப் பிடித்தது. கொழுக்குமலையில் இருந்து இறங்கியவர்களைத் தீ சூழ்ந்தது. காய்ந்த புல் மளமளவென்று எரிந்தது. 23 பேர் இறந்தார்கள். பலர் இளம் வயதினர்.

தீ மேடு நோக்கி வேகமாக ஏறும். மேலே ஓடுகிறவரை அது முந்திவிடும்.

அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்ற விதிகளைக் கொண்டு வந்தது. காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். அப்போது பயிற்சி நடையை ஊர்ச் சாலையிலேயே வைத்துக்கொள்ளலாம்.